ஆக்சிலேட்டரோடு ஏறும் சத்தம்

சத்தம் வருகிறது என்றார் தனுஷ்கோடி. வரவில்லை என்றான் சாம்சன். இரண்டு பேரும் ஒரே காரின் முன் சீட்டில் தோளோடு தோள் உரச உட்கார்ந்துகொண்டுதான் இப்படி மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ராஜபாளையம் தென்காசி ரோட்டில், சாம்சனின் கார் செட் கடை வாசலில், புரட்டாசி வெயில் ஆடி மாதத்துக் காற்றுக்கும் சேர்த்துப் பழிவாங்கிக்கொண்டிருந்த முற்பகல் அது.

“ஏலே சாம்சா, நல்லாக் கேளு. இப்ப மிதிக்கேன். ‘ங்ஙீ’ன்னு ஏறுதுல்லா? காலை எடுக்கேன். எறங்குதா?”

“அது இஞ்சின் சத்தம் அண்ணாச்சி.”

“பட்டாளத்துல லாரி ஓட்டிப் பென்சன் வாங்குறவன்ட்ட வந்து இஞ்சின் சத்தம் சொல்லுதியோ? இது ஸ்பீக்கர்ல வருது. பாட்ட நிப்பாட்டுனாலும் வருது. காதுக்குள்ள கொசு போன மாதிரி வருது.”

சாம்சன் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான். இஞ்சினின் அடிச்சத்தம் கேட்டது. ரோட்டில் பஞ்சு மூடை ஏற்றிய லாரி போனது கேட்டது. தனுஷ்கோடியின் மூச்சுகூடக் கேட்டது. கொசு கேட்கவில்லை.

தனுஷ்கோடி மகாராஜபுரத்துக்காரர். தென்னந்தோப்பு உண்டு. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய முதல் புது வண்டி இது. பெரிய ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர், டிக்கியில் பாக்ஸ் என்று எல்லாம் வைக்கச் சொன்னார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் சந்நிதி வாசலில் நிறுத்திப் பூசை போடும்வரை அதன் உடம்பில் இரும்பை வைத்துச் சுரண்டக்கூடாது, அது அவர்கள் குடும்பத்து வழக்கம். கலப்பைக்கும் மாட்டு வண்டிக்கும் இருந்த வழக்கம் டிராக்டருக்கு வந்து, இப்போது காருக்கும் வந்திருந்தது.

கார் செட் தொழிலில் முதல் பாடமே பெயிண்டைச் சுரண்டுவதுதான். ஆம்ப்ளிபயரின் எர்த் வயர் வெறும் இரும்பில் கடித்து உட்கார வேண்டும். நடுவில் பெயிண்ட் இருந்தால் இஞ்சின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஓசை ஸ்பீக்கருக்குள் புகுந்து, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும். அது தெரிந்தும், அண்ணாச்சி மனசு கோணக்கூடாது என்று சாம்சன் பெயிண்ட் மேலேயே போல்ட்டை முறுக்கி அனுப்பினான். அடுத்த வாரமே வண்டி திரும்பி வந்தது. அந்தத் தடவை அவருக்குத் தெரியாமல் கார்பெட்டைத் தூக்கிக் காசளவு சுரண்டி எர்த்தைப் பிடித்தான். எதற்கும் இருக்கட்டும் என்று சத்தத்தை வடிகட்டும் பில்டர் டப்பா ஒன்றையும் நடுவில் மாட்டினான். மூன்றாம் தடவையாக இன்று வந்து நிற்கிறது.

“சரி, வண்டிய விட்டுட்டுப் போங்க. சரி பண்ணி வைக்கேன்.”

“சனிக்கெழம மலைக்குப் போறோம். மகளும் மருமகனும் திருப்பூர்லருந்து வாராக. அவுக முன்னாடி இது கீச்சுன்னுச்சு, அப்புறம் மனுசனா இருக்க மாட்டேன் பாத்துக்கோ.” இறங்கிக் கதவைச் சாத்தியவர் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். “மூணு தடவ வந்தாச்சு. செவிடன் காதுல ஊதுன சங்குதான்.”

ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். அதைமட்டும் சாம்சன் தெளிவாகக் கேட்டுவிட்டான்.

சங்கரன்கோவிலில் இருந்தெல்லாம் அவனைத் தேடி வண்டி வரும். கடை வைத்த புதிதில், ஓடுகிற வண்டியின் ஓரத்தில் நின்றபடியே எந்த ஸ்பீக்கரில் காகிதம் கிழிந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். ‘சாம்சன் காது’ என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. அந்தக் காதை வைத்துக்கொண்டுதான், கல்யாண வண்டிக்கும் மினி பஸ்ஸுக்கும் பெரிய பாக்ஸ் மாட்டி, மூடிய கண்ணாடிக்குள் உட்கார்ந்து நெஞ்சு அதிர அதிரச் சோதித்துப் பார்த்தான். வருசக்கணக்காகப் பார்த்தான். முதலில் சில்வண்டுகள் போயின. பிறகு குக்கர் விசில் போனது. பெண்களின் பேச்சில் பாதி எழுத்துகள் போயின. சன்னமான சத்தம் எதுவோ அதெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. தடித்த சத்தங்கள் மட்டும் அவனோடு இருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனால் மிஷின் மாட்டச் சொல்வார்கள். காதில் மிஷின் மாட்டியவனிடம் எவன் செட் மாட்ட வருவான்? அதனால் மறைத்தான். மறைப்பதற்கும் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு, அதையும் கற்றுக்கொண்டான். பாட்டைப் போட்டுவிட்டு வண்டிக்காரன் முகத்தைப் பார்ப்பான். முகம் மலர்ந்தால் வேலை முடிந்தது. யார் என்ன சொன்னாலும் ‘சரி’ என்பான். முக்கால்வாசிப் பேச்சுக்கு உலகத்தில் அது போதும். மகன் விமல் அஸ்ஸாமில் பட்டாளத்தில் இருந்து கூப்பிட்டால், “அம்மாட்ட பேசு” என்று போனை ஜாஸ்மின் கையில் கொடுத்துவிடுவான். ஜாஸ்மினிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தான். ஒரே வீட்டில், ஒரே பாயில், தனியாக இருந்தான்.

தனுஷ்கோடி பஸ் ஏறிப் போனதும் பக்கத்து டீக்கடைச் சோலைச்சாமியைக் கூப்பிட்டான்.

“செத்த நேரம் உள்ள உக்காரு. ஸ்பீக்கர்ல ஏதாச்சும் வருதான்னு சொல்லு.”

சோலைச்சாமிக்கு ஏசி போட்ட புது வண்டியில் உட்கார்ந்ததே பெரிய காரியமாகிவிட்டது. சீட்டைத் தடவினான். கண்ணாடியை இறக்கி ஏற்றினான்.

“என்னலே, வருதா?”

“அருமையா வருது அண்ணே!”

“என்ன வருது?”

“காத்துதான். ஜில்லுன்னு.”

“ஸ்பீக்கர்லலே!”

“பாட்டே போடலையே, பொறவு எப்படி வரும்? போடுங்க அண்ணே, ஒரு நல்ல பாட்டா.”

அவனை அனுப்பிவிட்டு சாம்சன் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். இஞ்சினை ஓடவிட்டு, ஆடியோ வயரைப் பவர் வயரிடம் இருந்து பிரித்து மறுபக்கமாக இழுத்தான். பேட்டரி முனையைத் தேய்த்தான். ஒன்றைச் செய்து முடித்ததும் நின்றுவிட்டதா இல்லையா என்று தெரிந்தால்தானே அடுத்ததற்குப் போக முடியும்? இருட்டில் ஊசி கோத்தது போலத்தான் இருந்தது வேலை.

மத்தியானம் அவன் கால்மாட்டில் ஒரு சேலைக்கரை தெரிந்தது. ஜாஸ்மின் சோற்று வாளியோடு வந்திருந்தாள். எப்போதும் வைத்துவிட்டுப் போய்விடுவாள். இன்று நின்றாள். அவன் தலையை உயர்த்திப் பார்த்தபோது வெளிச்சத்துக்கு எதிரே அவள் முகம் கறுப்பாகத் தெரிந்தது, வாய் அசைந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு ‘என்ன சொன்னே?’ என்று கேட்டிருக்கலாம். கேட்டால் மறுபடியும் சொல்வாள், மறுபடியும் கேட்காது. அப்புறம் என்ன செய்வது?

“சரி சரி,” என்றான்.

அவள் போகவில்லை. இன்னும் ஏதோ சொன்னாள்.

“சரிங்கேன்லா. போ.”

சேலைக்கரை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு போய்விட்டது. வாளியில் மொச்சையும் கருவாடும் போட்ட குழம்பு இருந்தது. அவனுக்குப் பிடித்த குழம்பு. கையைக் கழுவிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பூட்டு தொங்கியது. சாவி பக்கத்து வீட்டுப் பாண்டிசெல்வியிடம் இருந்தது. அவள் சாவியைக் கொடுத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவளுக்குக் கணீரென்ற கட்டைக்குரல். அதனால் கேட்டது.

“அக்கா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருச்சு அண்ணே. ஞானபாக்கியம் அக்கா வீட்டுக்கு.”

“எப்ப வாராளாம்?”

“என்ன அண்ணே இப்படிக் கேக்கீக? அங்க பிள்ளைக விடுதியில சமையல் வேல கெடச்சிருக்கு, இனி அங்கதான்னு சொல்லுச்சு. கடைக்கு வந்து ஒங்ககிட்ட சொன்னதுக்கு, நீங்க ‘சரி, போ’ன்னு சொல்லிட்டீகளாம். அழுதுக்கிட்டே பஸ் ஏறுச்சு. நான் ஒங்கள அப்படி நெனைக்கல அண்ணே.”

சாம்சன் கதவைத் திறந்து உள்ளே போய் நின்றான். கொடியில் அவள் சேலைகள் இல்லை. அவன் சட்டைகள் மட்டும் மடித்து அடுக்கியிருந்தன. போகிற கோபத்திலும் மடித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். 

அரிசியைக் கழுவிக் குக்கரில் வைத்தான். விசில் கேட்காது என்பதால் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஆவி சீறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே இருந்தவன் எதையோ நினைத்து அழுதுவிட்டான். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் எத்தனை விசில் போனதோ, தீய்ந்த வாடை வந்தது. வழுக்கி விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று இத்தனை நாள் திரிந்தாயிற்று. இப்போது பார்க்க ஆள் இல்லை, மீசையைத் துடைத்து என்ன செய்ய? அடிபிடித்த சோற்றில் மேலாக எடுத்து ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டான்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. கருவிப் பையை எடுத்துப் போட்டுக்கொண்டு தனுஷ்கோடியின் வண்டியையே ஓட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனான். இடதுபக்கம் மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. வழியெல்லாம் மகாராஜபுரத்துக் கொசு ஸ்பீக்கருக்குள் பாடிக்கொண்டே வந்திருக்கும். அவன் பாட்டுக்கு வந்தான்.

மடவார்வளாகத்தில் ஞானபாக்கியத்தின் வீடு. ஜாஸ்மினுக்கு அக்கா. கூடப்பிறந்தவள் வாயையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறந்தவள் என்று சாம்சனே கேலி பேசுவான். வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“வாங்க தம்பி. சரின்னு சொல்லி அனுப்புனவுகளுக்கு இங்க என்ன சோலி?”

“ஜாஸ்மின வரச் சொல்லுங்க மதினி. வண்டியில ஒரு சத்தம். அவ வந்து கேக்கணும்.”

“நல்லாருக்கே! பொண்டாட்டியத் தேடி வந்தீகளா, இல்ல வண்டிக்கு ஆள் தேடி வந்தீகளா?”

உள்ளே இருந்து ஜாஸ்மின் வந்து நிலைப்படியில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்து, தெருவில் வைத்தே சொன்னான்.

“எனக்குக் காது கேக்கல.”

ஞானபாக்கியம் கீரைக் காம்பைப் பிடித்தபடியே நிமிர்ந்தாள்.

“என்ன கேக்கல?” என்றாள் ஜாஸ்மின்.

“மெல்லிசா வாரது எதுவும் கேக்கல. குக்கர் விசிலு, குருவிச் சத்தம். நீ பேசுறதுல பாதி. நேத்து நீ கடையில சொன்னது ஒரு வார்த்த கேக்கல. சத்தியமா.”

“எம்புட்டு நாளா?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

அவள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் மனசுக்குள் எதையோ பின்னோக்கிப் புரட்டுவது தெரிந்தது. பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் குனிந்து அவள் வாயைக் கவனித்தான்.

“எங்கம்மாவ அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு, சாயந்தரம் ஒங்க தோள்ல சாஞ்சு பேசுனேனே. இனி எனக்கு யாரு இருக்கான்னு கேட்டேனே. சரின்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனீக. அது?”

அன்று அவள் முகம் அவன் தோளில் புதைந்திருந்தது. அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு எழுந்து போனான்.

“அதுவும் கேக்கலையா?”

“கேக்கல.”

“அட பாவி மனுசா,” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “பத்து வருசம் நூல் மில்லுல ரிங் பிரேம் மிஷின் ஓட்டுனவ நான். அந்தச் சத்தத்துக்குள்ள காது போன பொம்பளைகளோட தினம் பேசுனவ. அம்புட்டுப் பேரோட பேசுனேன், ஒங்களோட பேசியிருக்க மாட்டேனா? மதிக்கலன்னுல்லா நெனச்சேன். நான் என்ன சொன்னாலும் ஒங்களுக்கு ஒண்ணுதான்னு நெனச்சு நெனச்சு, பேச்சையே கொறச்சேன்.”

அது மெய்தான். வீட்டில் பேச்சு குறைந்ததை அவன் கவனித்திருக்கிறான். தன் காதுதான் இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அழுகை அடங்கியதும் அவள் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கியரை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை மட்டும் மிதிக்கச் சொன்னான். மிதித்ததும் முகத்தைச் சுளித்தாள்.

“வருதா?”

தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து ஏதோ சொல்லப்போனவள் நிறுத்திவிட்டு ஒற்றை விரலைத் தூக்கினாள். மில்லில் கதிர் ஓடும் இரைச்சலில் ஒருத்திக்கு ஒருத்தி காட்டிக்கொள்ளும் சைகை. ஒற்றை விரலை உயர்த்தினால் நூல் அறுந்திருக்கிறது. கையை மூடினால் சரியாக ஓடுகிறது. கல்யாணமான புதிதில் அவள் சொல்லிச் சிரித்த சைகைகள்தான். அவனுக்குப் புரிந்தது.

அவன் டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்து ஒவ்வொரு வயராகத் தொட்டான். ஆடியோ வயரை நகர்த்தினான். நிமிர்ந்து பார்த்தான். விரல் நின்றது. செட்டின் எர்த்தை இடம் மாற்றிப் பிடித்தான். விரல் நின்றது. டிக்கிக்குப் போய் ஆம்ப்ளிபயரின் போல்ட்டை இறுக்கினான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவள் விரல் இன்னும் உயர்ந்தே நின்றது. முன்னே பின்னே என்று வேர்க்க விறுவிறுக்க நடந்தான். ஞானபாக்கியம் கீரையை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

கடைசியில் கைக்கு அந்தப் பில்டர் டப்பா தட்டுப்பட்டது. அதைக் கழற்றிவிட்டு வயரை நேராகச் சேர்த்தான். நிமிர்ந்தான். ஜாஸ்மினின் கை மூடியிருந்தது. மிதித்துப் பார்த்தாள், விட்டுப் பார்த்தாள், திரும்பவும் மிதித்தாள். கை திறக்கவே இல்லை.

டப்பாவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான் சாம்சன். பெயிண்டைச் சுரண்டி எர்த் பிடித்த அன்றே பழைய சத்தம் போயிருக்கிறது. அது போனது கேட்காமல், இன்னும் இருக்குமோ என்று பயந்து இவன் மாட்டிய டப்பா, பவர் வயரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தன் பங்குக்குப் புதுச்சத்தம் போட்டிருக்கிறது. தனுஷ்கோடி மூன்றாம் தடவை கேட்டது முழுக்க முழுக்க சாம்சன் செய்த சத்தம். சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் கூட வந்துவிடும்போல இருந்ததால் டப்பாவைப் பையில் போட்டான்.

ஜாஸ்மின் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேகம் மூடிய மலையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் தோள் அசைந்தது. ஏதோ சொல்கிறாள் என்று தெரிந்தது. முதுகு மட்டும்தான் தெரிந்தது.

‘சரி’ அவன் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பழகிய நாக்கு. அதை அடக்க அவன் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

“கேக்கல ஜாஸ்மின். இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு.”

திரும்பினாள். கிட்டே வந்து நின்று, மில்லில் பேசுவதுபோல் குரலே இல்லாமல், உதட்டை விரித்துச் சுருக்கி நிதானமாகச் சொன்னாள்.

“நான் இன்னைக்கு வரல.”

இரண்டு வருசத்தில் அவள் சொன்ன ஒன்றை ஒரு சொல் சிந்தாமல் அவன் வாங்கிக்கொண்டது அதுதான். நெஞ்சில் குத்தியது. குத்தியது முழுசாக வந்து சேர்ந்ததில் ஓர் ஆறுதலும் இருந்தது. கேள்வி கேட்டால் பதில் வரும், வந்தால் அதைக் கேட்டாக வேண்டும் என்று பயந்து அவளிடம் இத்தனை நாளும் அவன் ஒன்றுமே கேட்டதில்லை.

“பொறவு எப்ப வருவ?” என்று கேட்டான்.

அவள் சொல்ல ஆரம்பித்தபோது அது பெரிய பதிலாக இருந்தது. அந்தப் பதிலில் விடுதிப் பிள்ளைகள் வந்தார்கள், விமல் வந்தான், செத்துப்போன அம்மா வந்தாள், ஜாஸ்மின் தனியாக உட்கார்ந்து தின்ற சோறெல்லாம் வந்தது. பாதி அவனுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத இடத்திலெல்லாம் ஒற்றை விரலை உயர்த்தினான். அவள் நிறுத்தி, விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் சொன்னாள்.